ஏறுவாரும் காத்திருப்பாரும்

மக்கள் வாழ்க்கைக்கு உழைப்பு எத்துணை இன்றியமையாததோ, ஓய்வும் விளையாட்டும் அத்துணை இன்றியமையாதன என்பதை இந்நாளில் மறுப்பார் இலர். ஆயினும், விளையாட்டு யாருக்கு உரியது என்று வினவின், விடை அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை. சிறுவர்க்கு உரியது என்பர் சிலர். இளைஞர்க்கு உரியது என்பர் சிலர். கையிற் காசுடையார்க்கு உரியது என்பர் வேறு சிலர். இல்லத் தலைவிக்கும் உரியது என்று எடுத்துரைப்பாரை யாம் அதிகமாகக் கண்டிலேம்.

இக்கட்டுரைக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு குடும்பத்தார் பொருட்காட்சிக்கோ கேளிக்கைப் பூங்காவிற்கோ செல்கின்றனர். அவருள் ஒருவர்க்கு இராட்டினத்தில் ஏற விருப்பம் உண்டாகின்றது. ஏனையோர்க்கு விருப்பம் இல்லை, அல்லது உடல்நிலை இடந்தருவதில்லை. அவர் தனியே ஏறலாமா? ஏறின், கீழே நின்று காத்திருப்போர் நிலை யாது? இது கேட்பார்க்குச் சிரிப்பை விளைக்கும் வினாவாகத் தோன்றலாம். ஆனால், ஒரு குடும்பத்தார் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பது பெரிய செய்திகளினும் இத்தகைய சிறு செய்திகளிலேயே நன்கு வெளிப்படும்.

நம் கல்லூரி மாணவருள் இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களினின்று வருவோர் பலர். அவர்தம் குடும்பங்களை மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றோம். வடசென்னைக் குடும்பத்திற்குக் கேளிக்கை என்பது எளிதில் வாய்ப்பதன்று. ஆலைகளில் பகலும் இரவுமாக முறைவேலை நடைபெறுகின்றது. தந்தையின் ஓய்வு நாளும் மக்களின் பள்ளி விடுமுறையும் ஒத்து வருவது அரிது. காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்க்கோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளிகளின் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அப்பொழுதே வருகின்றது. ஆகவே, தந்தைக்கு ஓய்வுள்ள காலம் கையிற் பொருள் இல்லாத காலமாக முடிகின்றது.

இடமும் இவர்க்குத் துணை செய்வதில்லை. சென்னையைச் சூழப் பெயர்பெற்ற கேளிக்கைப் பூங்காக்கள் எழுந்த இடங்கள் இஞ்சம்பாக்கமும் முட்டுக்காடும் தாம்பரமும் செம்பரம்பாக்கமும் ஆம். இவை யாவும் நகரின் தெற்கிலும் மேற்கிலும் உள்ளன. திருவொற்றியூரினின்று முட்டுக்காடு செல்வதற்கு 40 கிலோமீட்டருக்குக் குறையாத வழிப்பயணம் வேண்டும். கடற்கரையும் அவ்வாறே. 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கி, கற்சுவர்கள் கடலுள் நீட்டப்பெற்ற பின்னர், கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்து வந்த மணல் அச்சுவர்களால் தடுக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே மணல் வரவு குன்றி, இராயபுரம் முதலான கரைகளைக் கடல் அரித்தது. இன்று அங்கே மணற்பரப்பிற்கு மாறாகக் கருங்கற் குவியலே பெரும்பாலும் காட்சியளிக்கின்றது. மெரினா மணலில் சிறுவர் ஏறிச் சுழலும் கைராட்டினங்களைக் காண, அம்மணலை இழந்த கரையின் மக்கள் பேருந்து ஏறிச் செல்கின்றனர். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் சிறுவர் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே பின்னர் எம்.ஆர்.எப். என்னும் பெரிய டயர்த் தொழிலாக வளர்ந்தது. பிறர் பிள்ளைகள் விளையாடப் பலூன் செய்து கொடுத்த ஊர், தன் பிள்ளைகளை விளையாட அழைத்துச் செல்ல நெடுவழி நடக்க வேண்டியதாயிற்று.

இக்காரணங்களால், தீவுத்திடலில் சுற்றுலாத் துறையார் ஆண்டுதோறும் நடத்திவரும் பொருட்காட்சியே வடசென்னைக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பெரிய கேளிக்கையாகும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு வழியின் அலைச்சல் சிறிது குறைந்துள்ளது. ஆண்டிற்கு ஒருமுறை வாய்க்கும் அந்த ஒரு மாலையில், யார் ஏறுகின்றார், யார் காத்திருக்கின்றார் என்பதே இனி நாம் காண வேண்டுவது.

பொருட்காட்சியில் பெரிய இராட்டினத்தின் அடியிற் சிறிது பொழுது நின்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். மேலே சுழல்வோரிற் பெரும்பாலார் இளைஞரும் சிறுவரும் ஆடவரும் ஆவர். கீழே, ஒரு தோளிற் குழந்தையும், மற்றொரு தோளிற் பையும், காலடியில் கழற்றி வைத்த மிதியடிகளும், கையில் நான்கு செல்பேசிகளும் உடையராய் நிற்பவர் பெரும்பாலும் தாய்மாரே. "நீங்கள் போய் வாருங்கள், நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் சொல் எந்த வீட்டிலும் கேட்கப்படுவது. அதனை அவர் அச்சத்தாற் கூறினாரா, விருப்பமின்மையாற் கூறினாரா, சீட்டு ஒன்றின் விலையை மிச்சப்படுத்தக் கூறினாரா என்று கேட்பார் இலர். பல்லாண்டு கூறிக் கூறி அவர்க்கும் அது மறந்திருத்தல் கூடும்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டென்றும், அஃது எல்லாரும் ஒருங்கே ஏறுதல் அல்லது ஒருவரும் ஏறாதிருத்தல் என்றும் கூறுவார் உளர். குடும்பமாகச் சென்றவர் குடும்பமாகவே மகிழ வேண்டும். ஒருவர் மட்டும் தனியே ஏறுதல் தன்னலமாகும் என்பது அவர் கொள்கை. இதனை யாம் உடன்படேம். என்னை? மக்கள் உடம்பு ஒரு தன்மைத்து அன்று. நம் உட்செவியில் அரைவட்ட வடிவான மூன்று குழல்கள் உள்ளன. அவற்றுள் நிறைந்த நீர்மம் அசைவதைக் கொண்டே உடலின் சுழற்சியை மூளை உணர்கின்றது. செவி உணர்த்துவதும் கண் உணர்த்துவதும் ஒவ்வாதபொழுது தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகும். ஒருவர்க்கு இன்பந்தரும் சுழற்சியே மற்றொருவர்க்கு நோயாவது இதனாலேயாம். கருவுற்ற மகளிரும் இதய நோயாளரும் ஏறலாகாது என்றும், குறித்த உயரம் எய்தாத சிறுவர் ஏறலாகாது என்றும் விதிகள் உள்ளன. எனவே, மூன்று தலைமுறையினர் கூடிச் சென்ற குடும்பத்தில் எல்லாரும் ஒரே இராட்டினத்தில் ஏறுதல் இயலாத செயல். ஏறமாட்டாதாரை வற்புறுத்தி ஏற்றுதல் கொடுமை. ஏற வல்லாரைத் தடுத்து நிறுத்துதல் வீண். எஞ்சி நிற்பது, சிலர் ஏறவும் சிலர் காத்திருக்கவும் ஆகிய வழியே.

இவ்வழி நம் நாட்டிற்குப் புதியதன்று. ஊசலாட்டம் பழந்தமிழர் விளையாட்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல் வரி அமைந்துள்ளது. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் உள்ளது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் ஒரு பருவமாகவே வைக்கப்பட்டுள்ளது. ஊசலில் அமர்வார் இருக்க, கயிற்றை ஆட்டுவாரும் வேண்டும். ஆடினவர் இறங்கி ஆட்டுவாராக, ஆட்டினவர் ஏறி ஆடுவார். சிற்றூர்களில் மரக்கிளையில் கயிறு கட்டி ஆடும் சிறுமியரும் இம்முறையை இன்றும் அறிவர். தன் முறை வந்தும் ஊசலை விடாதவளை ஏனையோர் விட்டுவையார். ஊசலை அறிந்த நாம், இராட்டினம் வந்தபொழுது முறையை மட்டும் மறந்தோம்.

மேனாட்டார் வரலாறும் இங்கே கருதத்தக்கது. 1893இல் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பெரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரமுள்ள சக்கரம் ஒன்றை நிறுவினார். அதில் 36 அறைகள் இருந்தன. ஓர் அறையில் 60 பேர் வரை ஏறலாம். ஒரு பெருங்குடும்பம் முழுவதும் ஓர் அறையிலேயே ஏறி நகரைக் கண்டு இறங்கும் அளவிற்கு அஃது இடமுடையதாக இருந்தது. பின்வந்த பொறிகள் விரைவையும் அச்சத்தையுமே பெருக்கின. வேகம் பெருகப் பெருக, ஏறத் துணிவார் தொகை சுருங்கிற்று. கீழே காத்திருப்பார் தொகை பெருகிற்று.

காத்திருந்தவர் ஒருவர் செய்த செயலும் உண்டு. படக்கலைஞர் வால்ட் டிஸ்னி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவில் தம் பெண்மக்கள் குடை இராட்டினத்தில் சுழன்று மகிழத் தாம் ஒரு பலகையில் அமர்ந்து வேர்க்கடலை தின்றவாறு காத்திருந்ததாகவும், பெற்றோரும் மக்களும் ஒருங்கே மகிழும் இடம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவ்வாறு இருந்தபொழுதே தோன்றியதாகவும் பிற்காலத்தில் கூறினார். 1955 ஜூலையில் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்து அவ்வெண்ணத்தின் விளைவு. ஆயினும், காத்திருத்தலை ஒழிப்பதற்கென்றே எண்ணப்பட்ட அந்நிறுவனத்தாராலும் அதனை ஒழிக்க முடியவில்லை. விரைவுப் பொறிகளில் சிறு குழந்தைகளை ஏற்ற இயலாதன்றோ? ஆதலின், பிற்காலத்தில் அவர்கள் வேறொரு முறை வகுத்தனர். பெற்றோர் இருவருள் ஒருவர் ஏறிச் சுற்றி வரும் வரை மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். முதல்வர் இறங்கியதும் மற்றவர் மீண்டும் நெடுவரிசையில் நில்லாமலே ஏறிக்கொள்ளலாம். இதனால் நாம் அறிவது ஒன்று: காத்திருத்தலை ஒழித்தல் அரிது, பகிர்ந்துகொள்ளுதல் எளிது.

எனவே, எம் கருத்து இது. குடும்பம் காத்திருக்க ஒருவர் தனியே ஏறுதல் குற்றமன்று. ஒவ்வோராண்டும் ஒருவரே ஏறுவாராகவும் மற்றொருவரே காப்பாராகவும் இருத்தலே குற்றம். ஏறுதலும் காத்தலும் முறைமாறி வருமாயின், இரண்டும் இனியனவாம்.

காத்தலும் இனிதோ என்று கேட்பீராயின், ஆம் என்போம். தாம் ஏறாராயினும் தம்மவர் மகிழ்ச்சியை நிமிர்ந்து நோக்கிக் கையசைத்தல் ஒரு மகிழ்ச்சியே. மேலே சுழல்வாரும் ஒவ்வொரு சுற்றிலும் கீழே தம்மவர் முகத்தையே தேடுகின்றனர். அம்முகம் அங்கே இல்லையெனின் மேலிருப்பார்க்கும் இன்பம் பாதியாகக் குறையும். ஆனால், இவ்வின்பம் தாமே விரும்பிக் காப்பவர்க்கு உரியது. வேறு வழியின்றி நிறுத்தப்பட்டார்க்கு அது கால்வலியே ஆகும்.

தனியே ஏறுதலின் பயனையும் சிறிது கூறுவோம். துறைமுகத்தில் இருபது ஆண்டு உழைத்த ஒருவர் மனைவி, தம் கணவர் உழைக்கும் இடத்தின் உட்புறத்தை ஒருமுறையேனும் கண்டிருப்பாரா என்பது ஐயமே. துறைமுக வாயிலில் அனுமதிச் சீட்டின்றிப் புக இயலாது. வெளியே நின்று மதிலையும் சரக்கு வண்டிகளின் நீண்ட வரிசையையுமே அவர் கண்டிருப்பார். தீவுத்திடலின் பெரிய இராட்டினம் உச்சியை அடையும்பொழுது, கோட்டைக்கு அப்பால் பாரந்தூக்கிகள் நிமிர்ந்து நிற்பதும், கப்பல்கள் ஒதுங்கியிருப்பதும், அவற்றிற்கு வடக்கே தம் ஊர் கிடக்கும் திசையும் அவர் கண்ணிற்குத் தோன்றும். அந்தச் சில நிமிடங்களில் அவர் கையிற் குழந்தை இல்லை. தோளிற் பை இல்லை. யாருக்கும் விடை கூற வேண்டுவதும் இல்லை. வீட்டில் விடியுமுன் எழுந்து நள்ளிரவில் உறங்குவார்க்கு அத்தகைய நிமிடங்கள் ஆண்டில் எத்தனை வாய்க்கும்? உடன் ஒருவர் சென்றால், அவரைக் கவனிப்பதே மீண்டும் இவர் வேலையாகிவிடும். சில இன்பங்கள் தனிமையிலேதான் முழுமை பெறுகின்றன.

இனி, எதிர்ப்போர் கூறுவனவற்றையும் ஆராய்வோம். நாற்பது வயது கடந்த தாய் இராட்டினத்திலேறிக் கூச்சலிட்டாற் பார்ப்பவர் என் சொல்வர் என்பது ஒரு தடை. அதே வயதுடைய தந்தை ஏறிக் கூச்சலிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆதலின், இத்தடை வயதைப் பற்றியது அன்று என்பது தெளிவு. அதனை மேலும் ஆராய வேண்டுவதில்லை. தனியே ஏறும் பெண் அறியாத ஆடவர் அருகே அமர நேரிடும் என்பது மற்றொரு தடை, இது பொருளுடையது. ஆயின், இதற்குப் பரிகாரம் பெண்ணைக் கீழே நிறுத்துதல் அன்று. மகளிரை மகளிரோடு அமர்த்துமாறு பொறியை நடத்துவோர்க்குக் கூறினாற் போதும். அவர்க்கு அதனால் இழப்பு யாதும் இல்லை. இடர் நேரின் என்செய்வது என்பது மூன்றாம் தடை. பொறிகள் நன்கு பேணப்பட வேண்டும். நாடோறும் ஆராயப்பட வேண்டும். இருக்கையின் தாழ் பூட்டப்பட்டதை ஏறுவார் தாமும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐயுறத்தக்க பொறியாயின், தாயை மட்டுமன்று, மகனையும் அதில் ஏற்றலாகாது.

நான்காவது தடை பொருள்பற்றியது. வடசென்னைக் குடும்பங்கட்கு இதுவே உண்மையான தடை. பொருட்காட்சியில் நுழைவதற்கு ஒரு சீட்டும், ஒவ்வோர் இராட்டினத்திற்கும் தனித்தனிச் சீட்டும் வாங்க வேண்டும். ஐவர் செல்லும் குடும்பத்தில் இருவர்க்கே பணம் உண்டெனின், அவ்விருவரும் பிள்ளைகளே ஆதல் இயல்பு. பெரிய பூங்காக்களிலோ நுழையும்பொழுதே எல்லாப் பொறிகட்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்குவது பெருவழக்கு. அங்கே ஒரு பொறியிலும் ஏறாத பாட்டி, நிழலில் அமர்ந்திருப்பதற்காகவே பெருந்தொகை கொடுத்தவர் ஆகின்றார். இருமுறையிலும் நட்டம் காத்திருப்பார்க்கே. ஆதலின், ஏறாமல் உடன் வருவார்க்கு மிகக் குறைந்த கட்டணம் வகுத்தலும், ஒரு சீட்டைக் கொண்டு தாயும் தந்தையும் முறைமாறி ஏற இடந்தருதலும் நிறுவனத்தார் கடமையாகும் என்போம். அதனோடு, ஒவ்வொரு பெரிய பொறியின் அருகிலும் நிழலும் இருக்கையும் குடிநீரும் வேண்டும். பைகளையும் மிதியடிகளையும் வைத்துச் செல்லப் பூட்டுள்ள பெட்டிகள் வேண்டும். பைக்குக் காவல் வேண்டும் என்பதற்காக ஒரு மனித உயிர் முழு மாலையும் நிற்றல் தகாது. வடசென்னையிலேயே, பேருந்திற் சிறிது தொலைவு சென்றால் எட்டும் இடத்தில், ஏழைக் குடும்பங்கட்கு ஏற்ற கட்டணத்தில் ஒரு நல்ல பூங்கா அமைய வேண்டும் என்பதையும் இங்கே குறிப்பிடுகின்றோம். அடுத்த தெருவிற் கிடைப்பதாயின், இன்று ஏறாதவர் நாளை ஏறுவார். ஆண்டிற்கு ஒருமுறையே கிடைப்பதாயின், இன்று ஏறாதவர் என்றும் ஏறார்.

அரசினரும் நிறுவனத்தாரும் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. வீட்டளவில் இன்றே செய்யத்தக்கன சில உள. புறப்படு முன்னரே, யார் யார் எதில் ஏற விரும்புகின்றனர் என்று கேட்டறிதல் வேண்டும். கேட்கும்பொழுது தாயையும் பாட்டியையும் விட்டுவிடுதல் ஆகாது. வேண்டா என்று ஒருமுறை கூறினார் என்பதற்காக அப்பேச்சை முடித்துவிடாமல், ஏன் வேண்டா என்றும் பரிவோடு வினவுதல் வேண்டும். அச்சமோ நோயோ காரணமாயின் வற்புறுத்தலாகாது; நகையாடலும் ஆகாது. சீட்டின் விலையே காரணமாயின், பிள்ளைகள் தமக்குரிய இரண்டாம் சுற்றை விட்டுக்கொடுக்கலாம். ஏறச் செல்பவர், எவ்வளவு நேரமாகும், இறங்கியபின் எங்கே கூடுவது என்பவற்றைச் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடி அலைதல் இருவர் மகிழ்ச்சியையும் கெடுக்கும். பையும் குழந்தையும் ஒருவரிடமே தங்காமல் கைமாற வேண்டும். பல்லாண்டு காத்திருந்தவர்க்கே இவ்வாண்டு முதற்சுற்று உரியதாக வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நும்மிற் பலர் இப்பொழுது பெற்றோரோடு செல்லாது தோழரோடு பொருட்காட்சிக்குச் செல்லும் வயதினர். செல்லுங்கள், மகிழ்ச்சியாக ஏறுங்கள். ஆனால், நீவிர் சிறுவராய்ச் சுழன்ற நாளெல்லாம் நும் மிதியடியைக் காத்து நின்ற ஒருவர் வீட்டில் உள்ளார் என்பதை மறவாதீர்கள். நும்மைப் படிக்க வைப்பதற்காக அவர் விட்டுக்கொடுத்தவை பல. அவற்றையெல்லாம் நம்மால் திருப்பித் தருதல் இயலாது. ஒரு சுற்றினைத் திருப்பித் தருதல் இயலும். பழைய மாணவராய் இன்று ஆலையிலும் அலுவலகத்திலும் பொருளீட்டுவோர்க்கும் இதனையே கூறுகின்றோம். நும் மனைவியரும் இப்பொழுது பையோடு நிற்கத் தொடங்கியிருப்பர். அடுத்த பொருட்காட்சிக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். இராட்டினத்தின் அருகே சென்றதும், பையை நீவிர் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டை அவர் கையிற் கொடுங்கள். அவர் இறங்கி வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.